சமூகவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?



பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து ஒரு மாத காலம் நம் டிரஸ்ட் அலுவலகத்தில் அஸருக்குப் பிறகு உட்கார இடம் இருக்காது. உதவித்தொகை மனு, சான்றிதழ் நகலில் கையொப்பம், எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்ற ஆலோசனை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை. இந்த ஆண்டு வந்தவர்களில் ஒரு தகப்பனார் மகளையும் கூட்டி வந்திருந்தார். பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பி.ஏ. சமூகவியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது, அவளுக்கும் அதில்தான் விருப்பம். அத்தாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"பாய், பி.காம். படிச்சா கணக்கு எழுதலாம். நர்ஸிங் படிச்சா ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இதைப் படிச்சுட்டு எங்கே போய் நிக்கிறது? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா என்னன்னு சொல்றது?" என்றார்.

நியாயமான கேள்வி. கடன் வாங்கிப் படிக்க வைப்பவர் கேட்கத்தான் செய்வார். அந்தப் பிள்ளை, "பெரியத்தா, நீங்களாவது சொல்லுங்க" என்பது போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்குப் பத்து நிமிடத்தில் நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அதனால் விசாரித்து, படித்து, இங்கே எழுதுகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது நம் டிரஸ்ட் செய்த ஒரு தவறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். பள்ளியில் வரலாறு, புவியியல், குடிமையியல் எல்லாம் சேர்த்துப் படிப்பது சமூக அறிவியல். துன்பத்தில் இருப்பவரிடம் நேரில் போய் உதவப் பயிற்சி தருவது சமூகப்பணி, அதாவது பி.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்.டபிள்யூ. படிப்புகள். சமூகவியல் இந்த இரண்டும் அல்ல. மனிதர்கள் கூட்டாக வாழும்போது அவர்களுக்குள் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று ஆராயும் படிப்பு அது.

ஒரு வீட்டுப் பையன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டால், "அவன் சோம்பேறி" என்கிறோம். அதே தெருவில் பத்துப் பையன்களில் ஏழு பேர் நின்றுவிட்டால்? ஏழு பேரும் சோம்பேறிகளாகப் பிறந்தார்கள் என்று சொல்ல முடியாதே. அங்கே தகப்பன்மார் வெளிநாட்டில் இருப்பது, பக்கத்துக் கடையில் உடனே கிடைக்கும் சம்பளம், பள்ளிக்கூடத்தின் தரம், படித்து முடித்த அண்ணனுக்கு வேலை கிடைக்காமல் போனது என்று ஏதோ ஒன்று எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. அது என்ன என்று ஊகிக்காமல், கேட்டு, எண்ணி, ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பதுதான் சமூகவியல்.

இது மேற்கத்தியச் சரக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். சமூகவியல் என்பதற்கான ஐரோப்பியச் சொல்லை 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அகஸ்ட் காம்ட் பரப்பியது உண்மைதான். ஆனால் அவருக்கு ஏறக்குறைய நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1377இல், இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வை எழுதி முடித்துவிட்டார். 1332இல் தூனிஸில் பிறந்து, அமீர்களிடம் அலுவல் பார்த்து, சிறைக்கும் போய், பிற்காலத்தில் கெய்ரோவில் மாலிக்கி காழியாக இருந்து, 1406இல் வஃபாத்தானவர். மதரஸாவில் ஓதியபோது அவருடைய பெயர் எனக்கு வரலாற்றாசிரியர் என்று மட்டும்தான் அறிமுகம். கல்லூரிக்குப் போன பிறகுதான் இந்தப் பக்கம் தெரிந்தது.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் நம்பகமானவரா என்று பார்ப்பதை நாம் அறிவோம். மார்க்கக் கட்டளைகளுக்கு அந்த வழி சரி, ஆனால் நாட்டு நடப்புகளைப் பற்றிய செய்திக்கு அது மட்டும் போதாது என்கிறார் இப்னு கல்தூன். சொன்னவர் யார் என்று பார்ப்பதற்கு முன்னால், மனிதர்கள் கூடி வாழும் இயல்புப்படி அப்படி ஒன்று நடந்திருக்க முடியுமா என்று கேள் என்கிறார். மூஸா நபியவர்களுடன் பாலைவனத்தில் இருந்த படையினர் ஆறு லட்சத்துக்கும் மேல் என்று மஸ்ஊதி போன்றவர்கள் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பெரிய படை எப்படி அணிவகுக்கும், ஒரு முனையில் நடப்பது மறு முனைக்கு எப்படித் தெரியும், சில தலைமுறைகளுக்குள் ஒரு குடும்பம் அந்த அளவுக்குப் பெருகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இந்தக் கேள்விகளுக்கென்றே ஒரு தனிக் கல்வி வேண்டும் என்று சொல்லி அதைத் தொடங்கியும் வைத்தார். ஒரு குடும்பத்தின் பெருமை பெரும்பாலும் நான்கு தலைமுறைதான், உழைத்துச் சேர்த்தவருக்கும் அந்த உழைப்பைக் கண்ணால் பார்க்காத பேரப்பிள்ளைகளுக்கும் இடையே அது கரைந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறார். நம் கடைவீதியில் பெயர் மாறிய கடைகளை நினைத்துப் பார்த்தால் ஆளுக்கொரு உதாரணம் கிடைக்கும். நான் யாரையும் சொல்லவில்லை.

இந்தியாவில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919இலேயே சமூகவியலுக்குத் தனித் துறை வந்துவிட்டது. நம்மைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். மேட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியல் ஆய்வாளர் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்களிடையே ஆய்வு செய்து 1972இல் ஒரு நூலே வெளியிட்டார். நம்மவர்கள் எப்படிக் கடை நடத்துகிறார்கள், எப்படி உறவு கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள உலகத்தார் அந்த நூலைப் புரட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் எழுதியிருந்தால் இன்னும் சில கதவுகள் அவர்களுக்குத் திறந்திருக்கும்.

எண்ணிப் பார்ப்பதால் என்ன ஆகும் என்பதற்கு சச்சார் குழுவை விடப் பெரிய சான்று நமக்குத் தேவையில்லை. 2005இல் அமைக்கப்பட்டு 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த அறிக்கையை நீதிபதி சச்சாரின் பெயரால் நினைவு வைத்திருக்கிறோம். அந்தக் குழுவில் பொருளியலாளர்கள் இருந்தார்கள், டி.கே. உம்மன் என்ற சமூகவியல் பேராசிரியரும் இருந்தார். அதற்கு முன்பு முஸ்லிம்களைத் தாஜா செய்கிறார்கள் என்று ஒரு தரப்பு பேசிக்கொண்டிருந்தது, வஞ்சிக்கிறார்கள் என்று நம் தரப்பு பேசிக்கொண்டிருந்தது. யாரிடமும் முழுக் கணக்கு இல்லை. குழு கணக்கெடுத்தது. 2001 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 13.4 சதவீதம் இருந்த சமுதாயம், ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் 3 சதவீதம், ஐ.பி.எஸ். அதிகாரிகளில் 4 சதவீதம். இன்னொன்று, என்னைப் போல மதரஸாவில் ஓதியவர்களுக்கு மிக முக்கியமானது. முஸ்லிம் பிள்ளைகள் எல்லாம் மதரஸாவுக்குத்தான் போகிறார்கள், அதனால்தான் பின்தங்கியிருக்கிறார்கள் என்று நாடு முழுக்கப் பேச்சு. எண்ணிப் பார்த்தால், பள்ளி வயதுப் பிள்ளைகளில் மதரஸாவில் மட்டும் படிப்பவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம்தான். ஆயிரம் மேடையில் மறுத்துப் பேசியும் ஒழியாத ஒரு பேச்சுக்கு அந்த ஒற்றை எண் பதில் சொன்னது.

இப்போது நம் டிரஸ்ட்டின் கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளை எம்.ஏ. சமூகவியல் படிக்க உதவி கேட்டு மனு கொடுத்தது. நம் கமிட்டி நிராகரித்தது. இன்ஜினீயரிங், நர்ஸிங், டிப்ளமோ என்று "வேலை வரும்" படிப்புகளுக்கு மட்டும் என்று அப்போது எங்களுக்குள் ஒரு எழுதாத விதி. நிராகரித்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தப் பிள்ளை தாய்மாமன் உதவியோடு எப்படியோ சேர்ந்துவிட்டது. படிப்பின் இறுதியில் ஆய்வுக் கட்டுரைக்காக நம் மஹல்லாவையே எடுத்துக்கொண்டது. பத்தாம் வகுப்போடு பெண் பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள் என்பதுதான் தலைப்பு.

நாங்கள் அந்தப் பிரச்சினைக்குப் பல வருடமாகக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தோம். வறுமைதான் காரணம் என்பது எங்கள் முடிவு. கல்யாணம்தான் காரணம் என்பது ஊர்ப் பேச்சு. அந்தப் பிள்ளை லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரத்தில், வீட்டில் ஆண்கள் இல்லாத வேளையாகப் பார்த்து, அடுப்படியில் உட்கார்ந்து தாய்மார்களிடம் பேசியது. ஒரே கேள்வியை எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி கேட்டு எழுதிக்கொண்டது. கடைசியில் வந்த விடையில் பணம் மூன்றாவது இடத்தில்தான் இருந்தது. மேல்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில். மாலையில் திரும்பும் பஸ் நம் ஊர் முனைக்கு வந்து சேரும்போது, கார்த்திகை மார்கழி மாதங்களில் மக்ரிப் பாங்கு சொல்லி முடிந்து இருட்டிவிடும். அங்கிருந்து தெருவுக்கு விளக்கில்லாத பாதை. "பீஸ் நீங்க கட்டுறீங்க, பிள்ளையை யாரு கூட்டிட்டு வர்றது?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். எங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆண்களாகிய நாங்கள் வாசலில் நின்று கேட்டால் "கஷ்டம் பாய்" என்றுதான் சொல்வார்கள்.

அதன் பிறகுதான் மாலை வேன் ஏற்பாடு வந்தது. எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பள்ளிக்குப் போய்விட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேனில் இன்று இடம் போதவில்லை. நாங்கள் உதவி மறுத்த படிப்புதான் எங்கள் பணம் எங்கே வீணாகிறது என்று காட்டியது.

சரி, வேலைக்கு வருவோம். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பி.ஏ. சமூகவியல் முடித்தவுடன் "சமூகவியலாளர் தேவை" என்று விளம்பரம் வந்து காத்திருக்காது. மூன்று வருடப் பட்டம் ஒரு வாசல்தான். அதற்கு மேல் இரண்டு வருடமாவது ஒரு முதுகலையோ, போட்டித் தேர்வுப் பயிற்சியோ சேர்ந்தால்தான் பலன் தெரியும். மூன்றே வருடத்தில் சம்பளம் வர வேண்டிய குடும்பச் சூழ்நிலை என்றால், வேறு படிப்பைப் பார்ப்பதில் தவறில்லை. ஐந்து வருடம் பொறுக்க முடிந்தவர்கள் மேலே படியுங்கள்.

அரசுத் தேர்வுகள்தான் முதலில் சொல்ல வேண்டியது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடமாகச் சமூகவியலை எடுக்கலாம். இரண்டு தாள், மொத்தம் 500 மதிப்பெண். பாடத்திட்டம் மற்ற பல பாடங்களை விடச் சிறியது என்பதாலும், பொது அறிவுத் தாளிலும் இந்தியச் சமூகம் பற்றிய பகுதி வருவதாலும், வேறு பட்டம் படித்தவர்கள்கூட இதைத் தேடி எடுக்கிறார்கள். கல்லூரியிலேயே மூன்று வருடம் படித்தவருக்கு அது எவ்வளவு பெரிய முன்னிலை என்று யோசியுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், நன்னடத்தை அலுவலர் போன்ற பணிகளுக்கான அறிவிப்புகளில் சமூகப்பணி, உளவியல், குற்றவியல் ஆகியவற்றோடு சமூகவியலும் தகுதிப் படிப்பாக வருவதுண்டு. அறிவிப்பு வரும்போது தகுதிப் பகுதியை வரி விடாமல் படித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

கல்லூரி ஆசிரியர் ஆக விரும்பினால் எம்.ஏ.வுக்குப் பிறகு நெட் அல்லது செட் தேர்வு. நெட் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்று ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டால் முனைவர் பட்ட ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் வரும். நம் டிரஸ்ட்டிடம் கைநீட்ட வேண்டிய அவசியமே இல்லை. அந்த உதவித்தொகைக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு 35 வரை தளர்வு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதினால் வயது வரம்பே கிடையாது. கல்யாணம், பிள்ளை என்று நடுவில் நின்றுபோன நம் பெண்களுக்கு இது முக்கியம். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை பற்றி இன்றும் சிலர் விசாரிக்கிறார்கள். அதை நிறுத்துவதாக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பள்ளி ஆசிரியர் ஆகலாம் என்று நினைத்து இதில் சேர்வது மட்டும் சரிவராது. சமூகவியல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 11, 12ஆம் வகுப்புகளுக்கு உண்டு. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் தனிப் பாடமாக இல்லாததால் அந்த வழி மிகக் குறுகல்.

அடுத்தது ஆய்வுக்களம். தொண்டு நிறுவனங்கள், பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்கள், சந்தை ஆய்வு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் வீடு வீடாகப் போய்ச் சரியாகக் கேள்வி கேட்டு எழுதுகிறவர்கள் தேவை. தேசியக் குடும்ப நல ஆய்வில் பெண்களைப் பெண்களே பேட்டி காண வேண்டும் என்பது முறை. ஆண் போக முடியாத அடுப்படி வரை நம் பெண் பிள்ளைகள் போக முடியும் என்பது இந்தத் துறையில் ஒரு தகுதி. தொடக்கச் சம்பளம் குறைவு, வேலையும் திட்டம் முடிந்தால் முடியும். ஆனால் கணினியில் புள்ளிவிவரம் கையாளத் தெரிந்தவர்கள் சீக்கிரம் மேலே போய்விடுகிறார்கள். ஆகவே சமூகவியல் படிக்கும் பிள்ளை எக்ஸெலையும், ஒரு புள்ளியியல் மென்பொருளையும் சேர்த்துக் கற்கட்டும். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் ஓர் அறிக்கை எழுதவும் பழகட்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா, பயன் தந்ததா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. சேர்த்துப் படித்தால் மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணியாளர், கம்பெனிகளில் மனிதவளத் துறை என்று வழி விரியும். மூன்று வருட எல்.எல்.பி. படித்து வழக்கறிஞர் ஆகவும் தடையில்லை.

சில பெற்றோருக்கு வேறொரு கவலை. "மதத்தை மனிதன் உண்டாக்கியது என்று சொல்லித் தருவார்களாமே, ஈமானுக்குப் பங்கம் வராதா?" மார்க்ஸ், டர்க்ஹைம் பாடங்களில் அத்தகைய கருத்துகள் வரும், மறைக்க வேண்டாம். ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தத்துவவாதிகளை மறுப்பதற்கு, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை ஒரு தனி நூலாகவே விளக்கி எழுதியவர். எதிர்த் தரப்பைச் சரியாகப் படித்துவிட்டுத்தான் 'தஹாஃபுத்'தில் பதில் சொன்னார். நம் காலத்தில் தலால் அசத் இருக்கிறார். 'தி ரோட் டு மெக்கா' எழுதிய முஹம்மது அசத் அவர்களின் மகன், 1932இல் மதீனாவில் பிறந்தவர். மதத்தைப் பற்றி மேற்கத்திய மானிடவியல் வைத்திருந்த இலக்கணத்தையே கேள்விக்குள்ளாக்கி, அத்துறையினர் தவிர்க்க முடியாத அறிஞராக ஆனார். கல்லூரிக்குப் போகும் பிள்ளை மார்க்க அடிப்படையோடு போகட்டும், கேட்க ஓர் ஆலிம் பக்கத்தில் இருக்கட்டும். என்னிடம் வந்தாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சமூகவியல் எல்லாக் கல்லூரிகளிலும் கிடையாது. சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ், லயோலா போன்றவற்றில் இருக்கிறது. முதுகலைக்குத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார், சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகங்கள் உண்டு. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். டெல்லி ஜாமிஆ மில்லியாவிலும் அலிகரிலும் இத்துறை இருக்கிறது. வெளியூர் அனுப்ப இயலாதவர்கள் இக்னோவில் வீட்டிலிருந்தே பி.ஏ., எம்.ஏ. இரண்டையும் படிக்கலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு.

சான்றிதழ் விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். மாநில அரசின் 3.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு பி.சி. முஸ்லிம் சான்றிதழ், அதில் லப்பை, ஷேக், தக்னி என்று பிரிவு சரியாக இருக்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் நெட் தேர்வுக்கும் அது செல்லாது, ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் கிடைக்காது.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன தகப்பனார் போன வாரம் ஜும்ஆ முடிந்து என்னைப் பார்த்தார். முதல் தவணை கட்டிவிட்டாராம். "ரெண்டு வருஷம் பார்ப்பேன் பாய், அப்புறம் உங்களைத்தான் கேட்பேன்" என்றார். கேட்கட்டும், இன்ஷா அல்லாஹ்.

இந்த ஆண்டு முதல் நம் உதவித்தொகைப் படிவத்தில் கலைப் படிப்புகளும் சேர்க்கப்பட்டுள்ளன. கமிட்டியில் இதற்கு ஒருமனதான சம்மதம் கிடைக்கவில்லை, பெரும்பான்மையில்தான் நிறைவேறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிவம் அலுவலகத்தில் அஸர் முதல் மக்ரிப் வரை கிடைக்கும். மதிப்பெண் பட்டியல் நகல், கல்லூரி சேர்க்கைக் கடிதம், வருமானச் சான்று மூன்றும் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், ஏன் இந்தப் படிப்பு என்று அவர்களிடமே கேட்போம். கட்டணக் கெடு முடிவதற்குள் வந்துவிடுங்கள். கெடு முடிந்து வருகிறவர்களுக்காகக் கல்லூரி முதல்வரிடம் போய் நிற்க வேண்டியவன் நான்தான். வஸ்ஸலாம்.